ஒல்லிப் பிள்ளைக்கு எதற்கு இஞ்ச் டேப்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். வீட்டில் இருபது, முப்பது வயதில் பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒருத்தி போன் செய்தாள். இப்போது 29 வயது, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பில் அவளை எல்லோரும் "ஒல்லிப்பிச்சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

"டீச்சர், புதுசா எடை மெஷின் ஒண்ணு வாங்கினேன். எடை 54 கிலோதான் காட்டுது. ஆனா உடம்புல கொழுப்பு 36 சதவீதம்னு காட்டுது. மெஷின் ரிப்பேரா? நான் எங்க டீச்சர் குண்டு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பாவும் ஒல்லிதான் டீச்சர்" என்றாள்.

அவள் அப்பா 46 வயதில் மாரடைப்பில் போனவர். எனக்குத் தெரியும். ஊரே நம்பவில்லை. "அந்த மனுஷனுக்கு ஒடம்புல கொழுப்பு எங்க இருந்துச்சு?" என்றுதான் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"நான் டாக்டர் இல்லம்மா. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய், சுமார் இருநூறு வருட வரலாற்றைப் படிக்க வேண்டியதாகிவிட்டது. படிக்கப் படிக்க என் மனதில் ஒரே கேள்வி: இந்த அளவுகோல்களையெல்லாம் யாருடைய உடம்பை வைத்துச் செய்தார்கள்? கணக்குப் பாடத்தில் உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஸ்கேல் தப்பாக இருந்தால் கோடும் தப்பாகத்தான் வரும்.

இப்போது எல்லோரும் சொல்கிற பிஎம்ஐ கணக்குக்குத் தொடக்கம் பெல்ஜியம் நாட்டில். அடால்ஃப் கெட்லே என்பவர், 1796இல் பிறந்தவர். மருத்துவர் இல்லை, வானியல் அறிஞர். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஆய்வகத்தை உருவாக்கியவர். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைப் பல தடவை அளந்து சராசரி எடுப்பதுபோல, மனிதர்களையும் அளந்து "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டார். 1835இல் அதைப் புத்தகமாகப் போட்டார். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பது அவர் கண்ட விஷயம். எடையை உயரத்தால் வகுத்து, வந்த விடையை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டும். நம் பெண்ணின் உயரம் 156 செ.மீ. அதனால் 54ஐ 1.56ஆல் இரண்டு முறை வகுத்தால் 22.2 வரும்.

கெட்லே இதில் கொழுப்பைப் பற்றியோ இதயத்தைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. யார் குண்டு என்று பார்ப்பது அவர் நோக்கமே இல்லை. அந்தக் கணக்கு நூறு வருஷத்துக்கு மேல் புத்தகத்திலேயே தூங்கியது.

அடுத்து வந்தவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். பாலிசி எடுத்தவர் சீக்கிரம் இறந்தால் கம்பெனிக்கு நஷ்டம். அதனால் யார் சீக்கிரம் இறப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற பெரிய கம்பெனியில் லூயிஸ் டப்ளின் என்ற புள்ளியியல் அறிஞர் பாலிசிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். எடை கூடுதலாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்திருந்தார்கள். 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் "இலட்சிய எடை" அட்டவணை வெளியானது. இந்த உயரத்துக்கு இந்த எடை, அதிலும் சின்ன உடல்வாகு, நடுத்தர உடல்வாகு, பெரிய உடல்வாகு என்று மூன்று பிரிவு. தன்னுடைய உடல்வாகு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அளவு எதுவும் கொடுக்கவில்லை. அளந்தது யாரை? அந்தக் காலத்து அமெரிக்காவில் பாலிசி வாங்க வசதி இருந்தவர்களை, பெரும்பாலும் வெள்ளையர்களை. ஆனாலும் அந்த அட்டவணைதான் பல வருஷம் டாக்டர்களுக்கு வேதமாக இருந்தது.

அதே 1942இல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்கக் கடற்படையில் ஆல்பர்ட் பென்கே என்று ஒரு மருத்துவர். தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரைப் பரிசோதித்தார். (நம்ம ஊர் கால்பந்து இல்லை. கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம்.) அட்டவணைப்படி அதில் 17 பேர் அதிக எடை. ராணுவத்துக்கும் லாயக்கில்லை, முதல்தர இன்சூரன்ஸுக்கும் லாயக்கில்லை. ஆனால் பார்த்தால் பாறை மாதிரி உடம்பு. கூடுதல் எடை கொழுப்பா, தசையா?

இதற்கு பென்கே எடுத்த ஆயுதம் நீங்கள் எட்டாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ். ராஜாவின் கிரீடம் சுத்தத் தங்கமா, கலப்படமா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்த கதைதான். கொழுப்பு தண்ணீரைவிட லேசு, தசை தண்ணீரைவிடக் கனம். ஆளைத் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்தி எடை போட்டால் அடர்த்தி தெரிந்துவிடும். வீரர்களின் கூடுதல் எடை பெரும்பாலும் தசை என்று தெரிந்தது. எடை மெஷின் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

பிறகு வில்லியம் சிரி என்ற விஞ்ஞானி, அடர்த்தியிலிருந்து கொழுப்புச் சதவீதத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தார். இவர் 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவின் துணைத் தலைவரும்கூட. ஆனால் எல்லோரையும் தொட்டியில் முக்க முடியுமா? அதனால் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தடிமன் பார்க்கிற கிடுக்கி புழக்கத்துக்கு வந்தது. 1974இல் கிளாஸ்கோவில் டர்னின், வொமர்ஸ்லி என்ற இருவர், 16 முதல் 72 வயது வரை 481 பேரைத் தண்ணீரிலும் அளந்து, மேல்கையில் முன்னும் பின்னும், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என்று நான்கு இடத்தில் கிள்ளியும் அளந்து இரண்டையும் இணைத்தார்கள். அந்த 481 பேரில் 272 பேர் பெண்கள். இந்தக் கதையில் பெண்களைச் சரியாக எண்ணிச் சேர்த்ததைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிம்மதி வந்தது.

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் கேட்டது "எவ்வளவு?" என்ற கேள்வி. ஒருவர் மட்டும் "எங்கே?" என்று கேட்டார்.

அவர் பிரான்ஸ் நாட்டில் மார்செய்ல் என்ற துறைமுக நகரத்து மருத்துவர் ழான் வாக். 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். குண்டாக இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நோய் வருவதில்லை. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்ந்த பெண்கள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் ஓரளவு தாக்குப் பிடிக்கிறார்கள். வயிற்றிலும் உடம்பின் மேல்பாகத்திலும் சேர்ந்தவர்களுக்குத்தான் சர்க்கரை நோயும் ரத்தக்குழாய் அடைப்பும் வருகின்றன. முதல் வகை பெண்களிடம் அதிகம், இரண்டாவது ஆண்களிடம் அதிகம். ஆனால் இரண்டாவது வகை பெண்களுக்கும் உண்டு, அப்போது ஆபத்தும் சேர்ந்து வருகிறது என்றார். 1956இல் ஆங்கிலத்திலும் எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுமார் முப்பது வருஷம் அப்படியே போயிற்று.

அந்த முப்பது வருஷத்துக்குள் இன்னொன்று நடந்தது. 1972இல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ், இன்சூரன்ஸ் அட்டவணை சரியில்லை என்று எந்தக் கணக்கு நல்லது எனச் சோதித்தார். கெட்லேயின் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்து, பிஎம்ஐ என்று பெயர் வைத்தவர் இவர்தான். அமெரிக்கா, ஃபின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்று ஐந்து நாட்டில் 7,424 பேரின் அளவை எடுத்துப் பார்த்தார்.

அந்த 7,424 பேரில் எத்தனை பேர் பெண்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை.

இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். இன்றைக்குப் பிரசவ வார்டு முதல் ஜிம் வரைக்கும் பெண்களைப் போட்டு அளக்கிற கணக்கு, ஆண்களை மட்டும் வைத்துச் சரிபார்த்தது.

அது கீஸ் ஒருவருடைய தவறும் இல்லை. மாரடைப்பு என்றாலே ஆண்களின் நோய் என்று அன்றைக்கு மருத்துவ உலகமே நினைத்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953இல் ஒரு அறிக்கை வந்தது. சராசரி வயது 22தான், ஆனால் முக்கால்வாசிப் பேரின் ரத்தக்குழாயில் அப்போதே கொழுப்புப் படிவு இருந்தது. உலகமே அதிர்ந்த செய்தி, ஆனால் எல்லோரும் ஆண்கள். பிறகு மாரடைப்பைத் தடுக்க முடியுமா என்று 12,866 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. எல்லோரும் ஆண்கள். ஆஸ்பிரின் மாத்திரை இதயத்தைக் காக்குமா என்று 22,071 டாக்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் எல்லோரும் ஆண்கள்.

1991இல் பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் இதை வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர். யெண்டல் என்று ஒரு யூதக் கதை உண்டு. வேதம் படிக்க ஆசைப்பட்ட பெண் ஆண் வேஷம் போட்டுப் பாடசாலைக்குப் போவாள். அதேபோல ஒரு பெண் தன் இதய நோய் ஆணுடைய நோய் மாதிரியே இருக்கிறது என்று நிரூபித்தால்தான் சரியான வைத்தியம் கிடைக்கிறது என்று எழுதினார். பெண்பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சிய என்னைப் போன்ற டீச்சர்களுக்கு அந்தக் கதை நன்றாகவே புரியும்.

பெண்களை யாருமே அளக்கவில்லையா என்றால், அளந்தார்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர். பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் என் கேள்விக்கு நேரான பதில் தந்தது ஸ்வீடன் நாட்டு கோதன்பர்க் நகரம். 1968-69இல் 38 முதல் 60 வயது வரை உள்ள 1,462 பெண்களை அளந்து, 12 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 1984இல் முடிவு வந்தது. யாருக்கு மாரடைப்பு வரும் என்பதைப் பிஎம்ஐயைவிடவும், கிடுக்கியால் கிள்ளிப் பார்த்த அளவைவிடவும் தெளிவாகக் காட்டியது ஒரு சாதாரண டேப். வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்த விடை. ழான் வாக் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

ஏன் அப்படி? தொடைக் கொழுப்பு குதிரில் கொட்டி மூடி வைத்த நெல் மாதிரி. அதுபாட்டுக்கு இருக்கும். தொப்பைக்குள்ளே குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு அடுப்படியில் சிந்திக் கிடக்கிற நெல் மாதிரி. அங்கேதான் எலி வரும். அந்த உள்கொழுப்பிலிருந்து கசிகிற கொழுப்பமிலங்கள் ஈரலுக்குப் போகிற ரத்தத்தில் கலக்கின்றன. சர்க்கரை, ரத்தக்கொழுப்பு, பிரஷர் எல்லாம் தடம் மாறுகின்றன. 1983இல் ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் சிடி ஸ்கேன் வைத்துத் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பையும் வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பையும் பிரித்துக் காட்டினார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இரண்டு வயிறு. உள்ளே வேறு வேறு.

ஒன்றை மறக்காதீர்கள். கொழுப்பு பெண்ணுக்கு எதிரி இல்லை. தேவைக்கான கொழுப்பே ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். ரோஸ் ஃபிரிஷ் என்ற பெண் விஞ்ஞானி 1974இல், உடம்பில் கொழுப்பு ஓரளவுக்குக் கீழே போனால் மாதவிலக்கே நின்றுவிடும் என்று எழுதினார். எந்த அளவில் நிற்கும் என்பதில் பின்னால் விவாதம் உண்டு. ஆனால் பட்டினி கிடந்து மெலிகிற பெண்களுக்கு மாதவிலக்கு தவறிப்போவது நாமே பார்க்கிற விஷயம்தானே. அதனால் இந்தப் பதிவைப் படித்துவிட்டு எவளும் ராத்திரி சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. சொல்லிவிட்டேன்.

சரி, ஸ்வீடனில் அளந்தது 38 வயதுக்கு மேல். ஃபிரேமிங்ஹாமிலும் முப்பதை ஒட்டித்தான் தொடக்கம். முதலில் ஆண்களை அளந்தார்கள், பிறகு நடுவயதுப் பெண்களை. இளம்பெண்கள் கடைசியாகத்தான் வருகிறார்கள். மாரடைப்பு வராத வயது என்று விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1976இல் 1,21,700 நர்சுகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. வயது 30 முதல் 55. அவர்களிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: 18 வயதில் உங்கள் எடை என்ன? 1995இல் வந்த முடிவைக் கேளுங்கள். 18 வயதுக்குப் பிறகு எடை பெரிதாக மாறாதவர்களோடு ஒப்பிட்டால், 5 முதல் 8 கிலோ வரை கூடியவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கால் மடங்கு அதிகம். 11 முதல் 19 கிலோ கூடியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் முக்கியமானது, அட்டவணைப்படி "சரியான எடை" என்று சொல்கிற எல்லைக்குள்ளேயே ஆபத்து படிப்படியாக ஏறியது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? கல்யாணத்துக்கு முன்னால் "காத்தடிச்சாப் பறந்துடுவா" என்கிறோம். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து வந்தால் "இப்பத்தான் பூசினாப்ல, பார்க்க லட்சணமா இருக்க" என்கிறோம். அந்தப் பூச்சு எங்கே பூசியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இருபது வயதிலேயே இதயத்தில் ஏதாவது தெரியுமா? அமெரிக்காவில் விபத்து போன்ற காரணங்களால் இறந்த 15 முதல் 34 வயது வரை உள்ள இருபாலாரின் ரத்தக்குழாய்களையும் ஆராய்ந்தார்கள். பருமனான இளைஞர்களிடம் அடைப்புக்கான படிவு வேகமாக வளர்ந்திருந்தது. இளம்பெண்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. வயிற்றில் கொழுப்புத் தடிமன் அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் அந்தப் போக்கு லேசாகத் தெரிந்தது. மாதவிலக்கு நிற்கிறவரை பெண்ணின் ஹார்மோன் ஓரளவு காவல் காக்கிறது. ஆனால் காவலாளி வேலையை விட்டுப் போகிற வரைக்கும் வீட்டுக்குள் குப்பை சேர்த்துக்கொண்டே போகலாம் என்று அர்த்தமில்லை. 1985-86இல் 18 முதல் 30 வயது வரை உள்ள 5,115 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இன்னொரு ஆய்வு இதைக் காட்டியது. இளமையிலேயே தொப்பை விழுந்து அது எத்தனை வருஷம் நீடிக்கிறதோ, அந்த அளவுக்கு நடுவயதில் இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவு அதிகம்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். ஏனென்றால் அந்தப் பெண்ணுடைய கேள்வியின் விடை இங்கேதான் இருக்கிறது.

புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற டாக்டர். லண்டனில் ஜான் யுட்கின் என்ற டாக்டர். இருவரும் நண்பர்கள். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்க்கவும் இருவரும் ஒல்லி. எக்ஸ்ரே முறையில் கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! லண்டன்காரர் மாரத்தான் ஓடுபவர். நம்மவர் தன்னைப் பற்றி, ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் தன் உடற்பயிற்சி என்று கேலியாகச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அது மட்டும் காரணமாக இருக்காது என்றும், தான் பிறந்தபோது எடை குறைவாக இருந்ததையும் சேர்த்துச் சொல்கிறார்.

அதற்கு ஆதாரம் அவருடைய முந்தைய ஆய்வில் இருந்தது. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. தசை குறைவு, வயிற்று உறுப்புகளின் வளர்ச்சி குறைவு. ஆனால் முதுகில் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. "ஒல்லியான கொழுப்புக் குழந்தை" என்று அதற்குப் பெயர் வைத்தார். தாயின் வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளை தசையை விட்டுக்கொடுத்து, கொழுப்பைச் சேமித்துக்கொண்டு வெளியே வருகிறது. பெண்பிள்ளைக்குக் கடைசியில் மிஞ்சினதைப் போடுகிற நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அவள் உண்டாகிற பிள்ளைக்கும் அந்தக் கணக்கு போய்ச் சேர்கிறது.

இதனால்தான் 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி நமக்குத் தனி எல்லை வைத்தார்கள். உலகத்துக்குப் பிஎம்ஐ 25 என்றால் நமக்கு 23. வயிற்றுச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள், ஆணுக்கு 90க்குள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக டேப்பையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு வயிறு 80ஐத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பிஎம்ஐ 25க்கு மேல் இருந்த பெண்கள் 40.4 சதவீதம். நாலைந்து வருஷத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9.

சரி, அவளுடைய மெஷின் ரிப்பேரா?

அந்த மாதிரி மெஷின் ஒரு பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, இன்னொரு பாதம் வழியாக வாங்குகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்து, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு விடை சொல்கிறது. மின்சாரம் பெரும்பாலும் காலோடு திரும்பிவிடும். மேல் உடம்பைப் பற்றி அது சொல்வது அனுமானம்தான். தண்ணீர் குடித்தால், சாப்பிட்டால், மாதவிலக்கு நாளில், எண் மாறும். அதனால் 36 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குப்பையிலும் போட வேண்டாம். 2010இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் எடை சரியாக இருக்கிற 6,171 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். இதே மின்சார முறையில்தான் கொழுப்பை அளந்திருந்தார்கள். கொழுப்பு 33.3 சதவீதத்துக்கு மேல் இருந்த பெண்கள் இதய நோயால் இறப்பது, குறைவாக இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். எடை சரி, பிஎம்ஐ சரி, ஆனாலும்!

இதைச் சொல்லிவிட்டு அவளை ஒரு கயிறு எடுத்து வரச் சொன்னேன். நம் வகுப்பறைச் சோதனை மாதிரிதான். மார்கரெட் ஆஷ்வெல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பிரபலப்படுத்திய முறை. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு வயிற்றைச் சுற்றி வர வேண்டும். வந்தால் நல்லது. எட்டவில்லை என்றால் கவனிக்க வேண்டும். 2022இலிருந்து இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டியும் வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்றே சொல்கிறது.

அளக்கிற இடம் முக்கியம். பாவாடை நாடா கட்டுகிற இடம் இல்லை. விலா எலும்பின் கடைசிக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில். வயிற்றை எக்கக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது.

அவளுக்குக் கயிறு எட்டவில்லை. டேப்பில் 85 செ.மீ. பாதி உயரம் 78.

மறுவாரம் டாக்டரைப் பார்த்தாள். பிரஷர் சரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்கோட்டில். நல்ல கொழுப்பு என்கிறார்களே, அது குறைவு. அப்பா கதையையும் சொல்லியிருக்கிறாள். "29 வயசுல வந்தது நல்லதாப் போச்சு" என்றாராம் டாக்டர். பட்டினி வேண்டாம், சோற்றைக் குறைத்துப் பயறு, முட்டை, காய் கூட்டு, தினம் நட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடு, மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் நடக்கிறாளாம். வயிறு குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

உங்களில் பலருக்கு நம் பள்ளிக்கூடத்து எடை பார்க்கும் நாள் ஞாபகம் இருக்கும். வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தியாக மெஷினில் ஏற்றி, எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். ஒரு பிள்ளை அட்டையில் எழுதும். வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் அப்படிச் செய்தேன். அதிக எண் வந்தவளைப் பார்த்து வகுப்பு சிரிக்கும். நான் "சத்தம் போடாதீங்க" என்பேன், அவ்வளவுதான். குறைந்த எண் வந்தவளுக்குப் பட்டப்பெயர். ஒருத்தி எடை பார்க்கும் நாளில் மட்டும் லீவு போடுவாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. அப்போதும் அவளைக் கூப்பிட்டு எதுவும் பேசவில்லை.

சத்தமாகப் படித்த அந்த எண் அவளுக்கும் எதுவும் சொல்லவில்லை, ஒல்லிப்பிச்சானுக்கும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்திக்கு வெட்கத்தைக் கொடுத்தது. இன்னொருத்திக்கு "எனக்கு ஒன்றும் வராது" என்ற பொய்த் தைரியத்தைக் கொடுத்தது. இரண்டுமே என் கையால் எழுதிக் கொடுத்தது. அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். விசேஷ வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் "இளைச்சுட்டே", "பெருத்துட்டே" என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் இதயத்தைப் பற்றி நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகளே, உங்களுக்கு: வீட்டில் ஒரு கயிறு எடுங்கள். ஒல்லியாக இருந்தாலும் எடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அளந்து பாருங்கள். யாரிடமும் எண்ணைச் சொல்ல வேண்டாம். எட்டவில்லை என்றாலோ, அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே இதய நோய் வந்திருந்தாலோ, கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்திருந்தாலோ, ஒரு தடவை டாக்டரிடம் போய் வாருங்கள்.

நானும் அளந்தேன். எனக்கும் எட்டவில்லை. காலையில் கோயில் தெருவை நாலு சுற்று சுற்றுகிறேன். வழியில் பார்த்தால் நிறுத்திப் பேசாதீர்கள், கூடவே நடந்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்